பழைய வீட்டு நீராவி ரேடியேட்டர்: எந்த அறைக்கு எந்த வென்ட்?

கேட்கப்பட்ட கேள்வி இது: நியூ ஜெர்சியில் 1920களில் கட்டிய இரண்டு மாடி வீடு. பேஸ்மென்டில் கேஸ் பாய்லர். அறையைச் சூடாக்கும் ஒவ்வொரு இரும்பு ரேடியேட்டருக்கும் ஆவி வர ஒரே ஒரு பைப். தெர்மோஸ்டாட் (அறையின் சூட்டைப் பார்த்து பாய்லரை ஓடவிட்டு நிறுத்தும் கருவி) இருக்கும் கீழ் ஹாலில் உட்கார முடியாத அளவுக்கு அனல். மாடியில் பின்பக்கப் பெட்ரூமில் குழந்தை ஸ்வெட்டரோடு தூங்குகிறது. ரேடியேட்டரில் காற்றை வெளியே விடும் வென்ட் எல்லாம் பழசு, பாதி பெயின்ட் அடித்து அடைத்துப் போயிருக்கின்றன. மொத்தமாக மாற்றப் போகிறோம். எந்த ரேடியேட்டருக்கு எந்த சைஸ் வாங்க வேண்டும்? ரேடியேட்டரின் அளவை வைத்துக் கணக்குப் போட முடியுமா?

முடியும். ஆனால் ரேடியேட்டரில் இருந்து கணக்கைத் தொடங்காதீர்கள், பேஸ்மென்டில் இருந்து தொடங்குங்கள். குளிர்கிற அறைக்குப் பெரிய வென்ட் வாங்கிப் போடுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. பெரும்பாலும் அதனால் சத்தம் கூடும், தண்ணீர் துப்பும், அறை மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாய்லர் அணைந்திருக்கும்போது பைப்பிலும் ரேடியேட்டரிலும் இருப்பது வெறும் காற்று. அந்தக் காற்று வெளியே போனால்தான் நீராவி உள்ளே வர முடியும். குக்கரில் ஆவி சீராக வரட்டும் என்று காத்திருந்து அப்புறம் வெயிட் போடுகிறோமே, அதுவும் உள்ளே இருக்கும் காற்று போகட்டும் என்றுதான். ரேடியேட்டரில் அந்தக் காற்றுக்கு வழி விடுவது வென்ட். காற்று போகும்வரை திறந்திருக்கும், ஆவியின் சூடு பட்டதும் மூடிக்கொள்ளும். பாய்லர் நின்று ரேடியேட்டர் ஆறினால் மறுபடி திறந்து காற்றை உள்ளே விடும். இந்த மூச்சு ஒவ்வொரு முறை பாய்லர் ஓடும்போதும் நடக்கிறது.

வென்டின் சைஸ் என்பது அந்த ஓட்டை எவ்வளவு வேகமாகக் காற்றை விடுகிறது என்பது. ஆகவே அது முடிவு செய்வது ஒன்றைத்தான்: ஆவி எவ்வளவு சீக்கிரம் ரேடியேட்டருக்குள் பரவும் என்பதை. முழுக்கச் சூடான ரேடியேட்டர் எவ்வளவு வெப்பம் தரும் என்பதற்கும் வென்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது இரும்பின் பரப்பைப் பொறுத்தது. ஒரு சதுர அடிப் பரப்புக்கு மணிக்கு 240 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) என்பது நிலையான கணக்கு. ரேடியேட்டர் என்பது ஒன்றோடொன்று கோத்த இரும்புத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு செக்ஷன். ஒரு செக்ஷனில் நிற்கும் செங்குத்துக் குழாய்களைக் ‘காலம்’ (column) என்பார்கள். 38 அங்குல உயரம், மூன்று காலம் உள்ள பழைய ரேடியேட்டரில் ஒரு செக்ஷனுக்கு 5 சதுர அடி. அப்படிப் பத்து செக்ஷன் இருந்தால் 50 சதுர அடி, மணிக்கு 12,000 பி.டி.யூ. சின்ன வென்ட் போட்டாலும் பெரிய வென்ட் போட்டாலும் நிரம்பிய பிறகு அது தருவது அதே 12,000தான்.

இதில் இருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. பாய்லர் நீண்ட நேரம் ஓடினால் எல்லா ரேடியேட்டரும் நிரம்பிவிடும், அப்போது வென்ட் சைஸ் எதையும் மாற்றாது. பாய்லர் 15, 20 நிமிடம் ஓடி தெர்மோஸ்டாட் திருப்தியாகி நின்றுவிடும் சாதாரண நாட்களில்தான் எந்த ரேடியேட்டர் எவ்வளவு நிரம்பியது என்பது வென்டின் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். ஹால் ரேடியேட்டர் முதலில் நிரம்புகிறது, தெர்மோஸ்டாட் அங்கேயே இருப்பதால் பாய்லரை நிறுத்திவிடுகிறது, பின்பக்கப் பெட்ரூமுக்கு ஆவி அப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கும்.

பழைய வென்டுகளை ஒன்றுக்கு ஒன்று அதே சைஸில் மாற்றினாலும் ஏன் சரியாகாது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இந்த வீடுகள் கட்டப்பட்டபோது பாய்லரில் எரிந்தது நிலக்கரி. அது அணையாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். காற்று ஒருமுறை வெளியேறினால் அப்புறம் ஆவி மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் எண்ணெய், கேஸ் பர்னர் வந்தன, தெர்மோஸ்டாட் வந்தது, பாய்லர் நின்று நின்று எரியத் தொடங்கியது. இப்போது ஒரு நாளில் பல முறை பைப் முழுக்கக் காற்று நிரம்பி, பல முறை வெளியேற வேண்டியிருக்கிறது. அன்றைக்குப் போதுமாக இருந்த வென்ட் இன்றைக்குப் போதாது. முக்கியமாக பேஸ்மென்ட் மெயின் பைப்பில்.

அதனால் டார்ச் எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்குப் போங்கள். பாய்லரில் இருந்து கிளம்பும் தடித்த பைப்பைக் கூரையோடு கடைசி வரை பின்தொடருங்கள். கடைசி ரேடியேட்டருக்கான கிளை பிரிந்த பிறகு, பைப் கீழே இறங்குவதற்கு முன்னால் அல்லது இறங்கும் இடத்தில், ஒரு வென்ட் இருக்க வேண்டும். அதுதான் மெயின் வென்ட். பல வீடுகளில் அது செத்துப்போய் பல வருடம் ஆகியிருக்கும். சிலவற்றில் ஒழுகுகிறது என்று யாரோ கழற்றிவிட்டு பிளக் போட்டு அடைத்திருப்பார்கள். மெயின் வென்ட் இல்லையென்றால் அந்த நீளமான பைப்பில் இருக்கும் காற்று முழுவதும் ரேடியேட்டர்களின் சிறிய வென்டுகள் வழியாகத்தான் போயாக வேண்டும். பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர் முந்திக்கொள்ளும், கடைசியில் இருப்பது காத்துக்கிடக்கும். நீங்கள் சொல்லும் குறை அப்படியே இதற்குப் பொருந்துகிறது.

மெயின் வென்டுக்கான கணக்கு எளிது. 2 அங்குல பைப்பில் ஒரு அடி நீளத்துக்குச் சுமார் 0.023 கன அடி காற்று இருக்கும். 2½ அங்குலத்துக்கு 0.033, 3 அங்குலத்துக்கு 0.051. உங்கள் மெயின் 2 அங்குலத்தில் 40 அடி என்று வைத்துக்கொள்வோம். 40 பெருக்கல் 0.023, கிட்டத்தட்ட 0.9 கன அடி. கார்ட்டன் கம்பெனியின் நம்பர் 2 என்ற மெயின் வென்ட், ஒரு அவுன்ஸ் அழுத்தத்தில் (சதுர அங்குலத்துக்குப் பதினாறில் ஒரு பவுண்டு) நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.1 கன அடி விடும். அதாவது அந்த 40 அடியை ஒரு நிமிடத்துக்குள் காலி செய்துவிடும். ஹாஃப்மன் கம்பெனியின் 75 அதில் பாதி. கார்ட்டன் நம்பர் 1 மூன்றில் ஒரு பங்குதான். உயரம் இல்லாத இடத்தில் நம்பர் 2 பொருந்தாது, அது பெரியது. அங்கே T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு சின்ன வென்ட் இரண்டு மூன்றைச் சேர்த்து வைக்கலாம்.

இன்னும் பெரிதாகப் போட்டால் இன்னும் வேகமா? ஒரு எல்லைக்கு மேல் கிடையாது. பைப் இரும்பும் சூடாக வேண்டுமே. 2 அங்குல இரும்புப் பைப் அடிக்கு 3.65 பவுண்டு. அதை அறைச் சூட்டில் இருந்து ஆவியின் சூட்டுக்குக் கொண்டுபோக அடிக்கு 60 பி.டி.யூ. சொச்சம் தேவை. 40 அடிக்கு 2,400. மணிக்கு 1,00,000 பி.டி.யூ. ஆவி தரும் பாய்லர் நிமிடத்துக்குத் தருவது 1,670 தான். அதன் ஆவி முழுவதும் அந்த ஒரு மெயினுக்கே போனால்கூட ஒன்றரை நிமிடம் ஆகும். ஆகவே காற்றைப் பத்து நொடியில் விடும் வென்ட் வாங்கிப் பயனில்லை. இரண்டு மெயின் இருந்தால் இரண்டுக்கும் அதனதன் நீளத்துக்கு ஏற்ற வென்ட் போடுங்கள், ஆவி இரண்டின் கடைசிக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சேர வேண்டும். பாய்லருக்கு மேலே பைப் தொட முடியாமல் சுட ஆரம்பித்ததில் இருந்து ஐந்து நிமிடத்துக்குள் மெயினின் கடைசி சூடானால் நல்லது. பதினைந்து நிமிடம் ஆகிறதென்றால் பிரச்சினை இங்கேதான், மாடியில் இல்லை.

மெயின் வென்டை வைக்கும் இடத்தில் ஒரு கவனம். பைப்பின் கடைசி முனையிலேயே வைத்தால் தண்ணீர் ஓடிவந்து மோதும்போது உள்ளே இருக்கும் மிதவை கெட்டுப்போகும். கடைசி வளைவுக்கு ஒரு பதினைந்து அங்குலம் முன்னால், ஆறு முதல் பத்து அங்குலம் உயரமான நிப்பிளின் (இரண்டு முனையிலும் மரை உள்ள சின்னப் பைப் துண்டு) மேல் வைப்பது வழக்கம். பழைய வீட்டில் அப்படி இடம் கிடைக்காவிட்டால் இருக்கும் துளையிலேயே நிப்பிள் போட்டு உயர்த்துங்கள். புதிதாகத் துளை போட வேண்டும் என்றால் பைப் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பேஸ்மென்டில் இருக்கும்போதே இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ஒன்று, மெயின் பைப்புக்குக் காப்பு உறை இருக்கிறதா என்று. வெற்று இரும்பாக இருந்தால் ஆவி பாதி வழியிலேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். ஒரு அங்குல ஃபைபர்கிளாஸ் உறை போதும். பழைய வெள்ளை நிற, சுண்ணாம்புப் பூச்சு போன்ற உறை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைத் தொடாதீர்கள், பிய்க்காதீர்கள், பரிசோதனைக்கு ஆளைக் கூப்பிடுங்கள். இந்த விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

இரண்டாவது அழுத்தம். பாய்லரின் மேல், சுருண்ட குழாயில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டிதான் பிரஷர்டிரால், அழுத்தம் ஏறினால் பாய்லரை நிறுத்துவது அது. வீட்டுக்கு 2 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு) மேல் தேவையே இல்லை. கட்-இன் (பாய்லர் மறுபடி எரியத் தொடங்கும் அழுத்தம்) 0.5, டிஃபரன்ஷியல் (அதற்கு மேல் எவ்வளவு ஏறலாம் என்பது) 1 என்று வைத்தால் 1.5-ல் நிற்கும், அது போதும். யாரோ ஒருவர் குளிர்கிறது என்று இதை 5, 6 வரை ஏற்றி வைத்திருப்பார்கள். அழுத்தம் ஏறினால் வென்ட் சீறும், கேஸ் வீணாகும், மூடின சில வென்டுகள் அந்த அழுத்தத்தில் மறுபடி திறக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஆவி வேகமாகப் போவது காற்று வழிவிடுவதால்தான். அழுத்தத்தை ஏற்றி அதைச் சாதிக்க முடியாது. அந்தச் சுருண்ட குழாய் சேற்றால் அடைத்திருந்தால் பெட்டிக்கு அழுத்தமே தெரியாது என்பதால் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பெட்டியின் மூடிக்குள் மின்சாரம் இருக்கும். பழக்கம் இல்லையென்றால் டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது மாடிக்கு வரலாம்.

ஒற்றைப் பைப்பில் ஆவி மேலே ஏறுகிறது, குளிர்ந்த தண்ணீர் அதே பைப்பில் கீழே இறங்குகிறது. இரண்டும் எதிரெதிரே, ஒரே வழியில். வென்ட் பெரிதாக இருந்தால் ஆவி வேகமாக ஏறும், இறங்கும் தண்ணீரை நிறுத்திவிடும். தண்ணீர் ரேடியேட்டருக்குள் தேங்கி, அப்புறம் டமார் டமார் என்று இடிக்கும், வென்ட் வழியாகத் துப்பும். அதனால்தான் மெயினில் காற்றை வேகமாக விடு, ரேடியேட்டரில் மெதுவாக விடு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். மெயின் சரியாகக் காலியானால் எல்லா ரேடியேட்டரின் வாசலுக்கும் ஆவி கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அதன் பிறகு ரேடியேட்டர் வென்டுக்கு வேலை மிகக் குறைவு.

கார்ட்டன், மெயிட்-ஓ-மிஸ்ட் வென்டுகளில் 4, 5, 6, C, D என்று வரிசை. 4 மிக மெதுவானது, D மிக வேகமானது. மெயிட்-ஓ-மிஸ்டில் முனையைக் கழற்றி மாற்றலாம் என்பதால் சோதித்துப் பார்க்க வசதி. வென்ட்-ரைட் நம்பர் 1, ஹாஃப்மன் 1A இரண்டும் திருகி மாற்றக்கூடியவை, தேடிக் கண்டுபிடிக்கும் காலத்தில் அவையும் உதவும். ரேடியேட்டர் வென்டின் மரை பெரும்பாலும் 1/8 அங்குலம். மெயின் வென்டுகள் பொதுவாக 1/2 அல்லது 3/4. வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

எந்த ரேடியேட்டருக்கு எது? அளவை மட்டும் வைத்துப் பெரிய ரேடியேட்டருக்குப் பெரிய வென்ட் என்று போடச் சொல்லும் பட்டியல்கள் உண்டு. தொடக்கத்துக்கு அவை தவறில்லை, பெரிய ரேடியேட்டரில் வெளியேற வேண்டிய காற்றும் அதிகம்தான். ஆனால் நான் அறையைத்தான் முதலில் பார்ப்பேன். உங்கள் ஹால் ரேடியேட்டர்தான் வீட்டிலேயே பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் அதற்கு C போடச் சொல்லும். தெர்மோஸ்டாட் அங்கேதான் இருக்கிறது, C போட்டால் அந்த அறை இன்னும் சீக்கிரம் சூடாகி வீடு முழுவதற்கும் பாய்லரை நிறுத்திவிடும். அந்த இடத்தில் 4 தான் சரி.

உங்கள் வீட்டுக்கு நான் தொடங்குவது இப்படி: ஹாலுக்கு 4. பாய்லருக்கு நேர் மேலே இருக்கும் அறைகளுக்கும், சமையலறைக்கும் 4. மற்ற பெட்ரூம்களுக்கு 5. பின்பக்கப் பெட்ரூமுக்கு 6. பாத்ரூமில் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்கு 4 அல்லது 5, அது தானாகவே சீக்கிரம் நிரம்பும். C-யும் D-யும் இப்போது வாங்கவே வேண்டாம். மூன்றாவது மாடி அட்டிக் அறை, அல்லது நீளமான கிளைப் பைப்பின் கடைசியில் இருக்கும் பெரிய ரேடியேட்டர் என்றால்தான் அவை தேவைப்படும்.

மாற்றுவதற்கு முன் பாய்லரை அணைத்து ரேடியேட்டர் முழுக்க ஆறட்டும். ஆவி பட்டால் தோல் உரிந்துவிடும். பழைய வென்டை ஒரே முறுக்கில் திருகினால் மரை ரேடியேட்டருக்குள்ளேயே உடைந்து நிற்கக்கூடும். முந்தின நாளே மரையில் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊறவிடுங்கள், கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்து மெல்லக் கழற்றுங்கள். புதியதற்கு டெஃப்லான் டேப் சுற்றி, வென்ட் நிமிர்ந்து நிற்கும்படி முறுக்குங்கள். சாய்ந்து நின்றால் உள்ளே வரும் தண்ணீர் வடியாது.

அதோடு ஒவ்வொரு ரேடியேட்டரின் மேலும் லெவல் வைத்துப் பாருங்கள். வால்வு இருக்கும் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வென்ட் பக்கத்துக் காலுக்கு அடியில் சின்ன மரத்துண்டு வைத்து உயர்த்துங்கள். கீழே இருக்கும் வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். சூட்டைக் குறைக்கப் பாதி மூடினால் தண்ணீர் திரும்ப வழி இல்லாமல் இடிக்கத் தொடங்கும். ஒற்றைப் பைப்பில் அந்த வால்வு சூட்டைக் கூட்டிக் குறைப்பதற்கு அல்ல.

இப்போது சோதனை. வெளியே 30, 35 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் ஒரு சாதாரணக் குளிர்நாளில், பாய்லர் ஓடி நின்றதும் ஒவ்வொரு அறைக்கும் போய் ரேடியேட்டரின் செக்ஷன்களை வால்வு பக்கத்தில் இருந்து கையால் தொட்டுக்கொண்டே வாருங்கள். எத்தனை செக்ஷன் சூடு, எங்கே வெதுவெதுப்பு, எங்கே சில்லென்று இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஹாலில் பத்தில் ஏழு சூடாகவும் பின்பக்கப் பெட்ரூமில் எட்டில் இரண்டும் இருந்தால் இன்னும் சமமாகவில்லை என்று அர்த்தம். ஹாலில் நான்கு செக்ஷனும் பெட்ரூமில் ஐந்து செக்ஷனும் சூடானால் நீங்கள் கிட்டத்தட்ட முடித்துவிட்டீர்கள்.

பாதி ரேடியேட்டர் மட்டும் சூடாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது குறையே இல்லை. இந்த வீடுகளின் ரேடியேட்டர்கள் தேவைக்கு மேல் பெரியவை. ஜன்னலைத் திறந்து வைத்துச் சுத்தமான காற்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பலமாக இருந்தது, 1918 இன்ஃப்ளூயன்சா அதை இன்னும் பலப்படுத்தியது. ஜன்னல் திறந்திருக்கும் குளிர்நாளுக்கும் போதுமாறு இரும்பு போட்டிருப்பார்கள். இன்றைக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் சுவரில் காப்பும் வந்துவிட்டன. சாதாரண நாளில் பாதி நிரம்பினாலே அறை நிறைவாக இருக்கும். முழு ரேடியேட்டரும் சுட வேண்டும் என்று பெரிய வென்ட் போடுவதில்தான் பல வீடுகள் கெடுகின்றன.

முதலில் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு, சைஸைத் திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு வென்டை மாற்றுங்கள். மாற்றிவிட்டு இரண்டு மூன்று குளிர்நாள் விடுங்கள். இரண்டு அறையை ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. குளிர்கிற அறையை வேகப்படுத்துவதா, சூடான அறையை மெதுவாக்குவதா என்று சந்தேகம் வந்தால் சூடானதை மெதுவாக்குங்கள். பாய்லர் கூடுதல் நேரம் ஓடும், அந்த நேரத்தில் தூரத்து அறை தானாக நிரம்பும்.

தெர்மோஸ்டாட் அமைப்பிலும் ஒரு வேலை இருக்கிறது. நீராவி அமைப்புக்கு மணிக்கு ஒரு சுற்று என்று அதில் வைக்க வேண்டும். சூடான காற்று ஃபர்னஸுக்கான அமைப்பில் விட்டிருந்தால் பாய்லர் அடிக்கடி எரிந்து அணையும், ஆவி மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் நின்றுவிடும். இரவில் பத்து டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துவிட்டு காலையில் ஏற்றுகிற பழக்கம் இருந்தால் அதையும் சோதனை நாட்களில் நிறுத்தி வையுங்கள். காலையில் நீண்ட நேரம் ஓடும்போது எல்லா ரேடியேட்டரும் நிரம்பிவிடும், உங்கள் வென்ட் மாற்றத்தின் விளைவு அதில் தெரியாது.

வென்ட் எழுப்பும் சத்தத்தையும் கேளுங்கள். மெல்லிய மூச்சு போன்ற சத்தம் இயல்பு. உரக்கச் சீறினால் மெயின் வென்ட் போதவில்லை, அல்லது அழுத்தம் அதிகம். ரேடியேட்டர் முழுக்கச் சூடான பிறகும் ஆவி வந்துகொண்டே இருந்தால் வென்ட் மூடவில்லை, அதை மாற்றுங்கள். அப்படி வெளியேறும் ஆவியால் பாய்லரில் தண்ணீர் குறையும், அடிக்கடி புதுத் தண்ணீர் சேர்த்தால் பாய்லர் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இவ்வளவும் செய்து, மிகக் குளிரான ஒரு நாளில் பின்பக்கப் பெட்ரூம் ரேடியேட்டர் கடைசி செக்ஷன் வரை கொதிக்கச் சூடாக இருந்தும் அறை 62 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை என்றால் வென்டில் இனிச் செய்ய ஒன்றுமில்லை. ஜன்னல் ஓரங்களில் காற்று வருகிறதா, ரேடியேட்டரை மூடி அலமாரி போல ஏதாவது பெட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ரேடியேட்டரின் உயரம், காலம் எண்ணிக்கை, செக்ஷன் எண்ணிக்கை, அறையின் நீள அகலம், எத்தனை சுவர் வெளிப்பக்கம் பார்க்கிறது என்பதை எழுதி அனுப்புங்கள். அந்த அறைக்கு அந்த இரும்பு போதுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.